கண்ணெதிரே கல்... சுற்றி 8 பேர்: 3,000 கோடி ரூபாய்க்கு கைமாறிய 'பெனிஹானா' ஜெயித்தது எப்படி?

தேனி மாவட்டம் கடமலைக்குண்டு மாதிரியான ஊர்களில் சாயங்காலம் புரோட்டா கடைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. கல்லில் கொத்து விழும் சத்தமே கூப்பிடும். சமையலை உள்ளே ஒளிக்காமல் வாசலுக்குக் கொண்டுவருவது நம்மூரு பழக்கம். இதே சங்கதியைக் கொஞ்சம் மாற்றி, அமெரிக்காவில் பெரிய தொழிலாக்கியது 'பெனிஹானா' என்ற ஜப்பானிய பாணி ஸ்டீக் ஹோட்டல். 2024 மே மாதம் அதை 'தி ஒன் குரூப்' நிறுவனம் 36.5 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போதைய மதிப்பில் சுமார் 3,000 கோடி ரூபாய்!

யார் ஆரம்பித்தது?

ஹிரோஆக்கி ஆவோக்கி. 'ராக்கி' என்றால்தான் தெரியும். 1938-ல் டோக்கியோவில் பிறந்த மல்யுத்த வீரர். அமெரிக்கா போனவர், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வண்டியில் ஐஸ்கிரீம் விற்று 10,000 டாலர் சேர்த்தார். 1964-ல் மேற்கு 56-வது தெருவில் நாலே டேபிளோடு கடை போட்டார். டோக்கியோவில் அப்பா நடத்திய காபி கடையின் பெயரையே வைத்தார். பெனிஹானா என்றால் குசும்பாப் பூ.

ஆரம்பத்தில் ஈ ஓட்டிய கடைதான். 'ஹெரால்ட் ட்ரிப்யூன்' பத்திரிகையின் உணவு விமர்சகர் கிளெமென்டைன் பேடில்ஃபோர்ட் பாராட்டி எழுதிய பிறகு கூட்டம் கட்டுக்கடங்கவில்லை.

ரகசியம் கறியா, கணக்கா?

இரும்புக் கல்லில் வாட்டும் 'தெப்பான்யாக்கி' சமையல், இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-லேயே ஜப்பானின் கோபே நகரில் வந்துவிட்டது. ராக்கி அதில் கணக்கைச் சேர்த்தார். கல்லைச் சுற்றி 8 பேர். தெரியாதவர்களாக இருந்தாலும் ஒன்றாகவே உட்கார வேண்டும். 8 பேர் சேரும்வரை பாரில் காத்திருக்கலாம். அங்கேயும் பில் ஏறும். மெனுவில் மாட்டுக்கறி, கோழி, இறால் என நாலைந்து ஐட்டம்தான், அதனால் வீணாவது குறைவு. சமையல் டேபிளுக்கே வந்துவிட்டதால், வழக்கமாக 30 சதவீத இடத்தைப் பிடிக்கும் பின்பக்க வேலைப் பகுதி சுமார் 22 சதவீதமாகச் சுருங்கியது. மிச்ச இடத்தில் கூடுதல் டேபிள்!

மாஸ்டர் கல்லைத் துடைக்க ஆரம்பித்தால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். யாரும் 'எந்திரிங்க' என்று சொல்லவேண்டாம். இந்தக் கணக்கைத்தான் ஹார்வர்டு வணிகப் பள்ளி 1972 முதல் பாடமாக வைத்தது.

சறுக்கியது எங்கே?

ஹோட்டல் தொழிலில் அல்ல, பங்குச்சந்தையில். வேறொரு நிறுவனத்தின் உள்தகவலை வைத்து பங்கு வாங்கிய வழக்கில் சிக்கி, 1998-ல் தலைவர் பதவியை விட்டார். அடுத்த ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறகு, நிறுவனத்தின் கட்டுப்பாடு யாருக்கு என்ற சண்டையில் தன் பிள்ளைகள் நாலு பேர் மீதே வழக்கு போட்டார். 2008-ல் இறந்தார். 2012-ல் ஏஞ்சலோ கார்டன் என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 29.6 கோடி டாலருக்கு பெனிஹானாவை வாங்கியது. இப்போது மறுபடி கைமாறியிருக்கிறது.

நம்மூருக்கு ஒத்து வருமா?

அப்படியே காப்பியடித்தால் கையைக் கடிக்கும். புரோட்டா கடையில் ஒரு மாஸ்டர், ஒரு கல்லை வைத்துக்கொண்டு எல்லா டேபிளையும் பார்சலையும் சமாளிக்கிறார். பெனிஹானாவில் ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு டேபிள், 16 பேர். இந்தச் சம்பளக் கணக்கு, ஒரு சாப்பாட்டுக்குப் பெரிய பில் கட்டத் தயாரான ஊரில்தான் தாங்கும்.

ஆனால் குறைந்த மெனு, வீணாகாத சரக்கு, காலியாகக் கிடக்காத டேபிள்... இது மூன்றும் எந்த ஊர் கடைக்கும் பொருந்தும். கூடவே இன்னொன்றும் உண்டு. கடை ஓடும்போதே, அடுத்து யார் பார்த்துக்கொள்வது என்று குடும்பத்தில் பேசி எழுதி வைத்துவிட வேண்டும். ராக்கி எட்டு பேரை ஒரே கல்லைச் சுற்றி உட்கார வைத்தார். சொந்தப் பிள்ளைகளோடு அவரால் உட்கார முடியவில்லை.