கால் டன் டிரெய்லரும் 52ஆம் பிரிவும்

படைத்துறை கழித்துவிட்ட டிரெய்லர் ஒன்றை ஏலத்தில் எடுத்து, துருவைச் சுரண்டி, மேலே ஒரு கூடாரத்தைப் பொருத்தி, ஜீப்பின் பின்னால் கட்டிக்கொண்டு பாதையற்ற இடங்களுக்குச் சென்று தங்குவது அமெரிக்காவில் நெடுங்காலமாக இருந்துவரும் பழக்கம். வசதி படைத்தோரின் வார இறுதி விளையாட்டு என்று அதை ஒதுக்கிவிடுவது எளிது. பொறியியலையும் தொழில்நுட்ப வரலாற்றையும் பயில்வோர் அவ்வாறு ஒதுக்குவது முறையன்று. ஒரு பொருளை ஆக்கியவன் மட்டுமே அதை மாற்றும் உரிமை உடையவனா என்ற கேள்வி இந்தச் சிறு இரும்புப் பெட்டியில் மிகத் தெளிவாக எழுகிறது.

பெட்டியின் பிறப்பே ஒரு தோல்வியின் துணைவிளைவு. 1940இல் ஜீப்பின் முதல் மாதிரியை அமெரிக்க ராணுவத்திடம் ஒப்படைத்தது பேண்டம் என்ற சிறு நிறுவனம். பெரும் உற்பத்தி ஆணைகளோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. வண்டியை ஆக்கியவர்களுக்கு, அந்த வண்டி இழுத்துச் செல்லும் டிரெய்லரே மிஞ்சியது. ஆற்றைக் கடக்கையில் மிதக்கும்படி நீர்புகாத் தொட்டியாக அது அமைக்கப்பட்டது. அதன் வழித்தோன்றலாக 1960களில் வந்த எம்416 இன்று முகாம் விரும்பிகள் தேடித் திரியும் பொருள்.

கால் டன் என்ற பெயரைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். கரடுமுரடான நிலத்தில் ஏற்றத்தக்க சுமையையே அது குறிக்கிறது: 500 பவுண்டு, ஏறத்தாழ 227 கிலோ. பெட்டியின் சொந்த எடை இதற்கு வெளியே. இனி ஒருவர் செய்யும் மாற்றங்களை எண்ணிப் பார்க்கலாம். மடிப்புக் கூடாரம் 60 கிலோ, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் 40 கிலோ, 60 லிட்டர் தண்ணீர், பேட்டரியும் குளிர்பெட்டியும் சேர்ந்து 40 கிலோ. சமையல் பாத்திரம் ஒன்றுகூட ஏறுவதற்கு முன்பே 200 கிலோ தீர்ந்துவிட்டது. மாற்றியமைப்பு என்பது சேர்ப்பது என்று கருதுவோர் தவறும் இடம் இதுவே. எதை விடுவது என்று தீர்மானிப்பதில்தான் பொறியியல் தொடங்குகிறது.

அடுத்தது சுமையின் இடம். முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை மாட்டுவண்டி ஓட்டியவர்கள் தலைமுறைகளாக அறிவார்கள். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே தூக்கும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இணைப்பின் மீது இறங்க வேண்டும் என்ற இன்றைய விதியும் அதையே எண்ணில் சொல்கிறது. இணைப்பின் மீது சுமை குறைந்தால் வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். தண்ணீர்த் தொட்டியைப் பின்புறக் கதவோரம் பொருத்துவது அழகாகத் தோன்றலாம். அச்சுக்குச் சற்று முன்னால் தாழ்வாக வைப்பதே அறிவுடைமை.

படைத்துறை இணைப்பு ஒரு வளையமும் கொக்கியும்தான். எத்தனை பள்ளம் மேடானாலும் வண்டியும் டிரெய்லரும் தனித்தனியே சாய அது இடமளிக்கிறது. சாலையிலோ ஓயாமல் தடதடக்கும். அதைக் கழற்றிச் சாதாரணப் பந்து இணைப்பைப் பொருத்துவோர் ஓசையோடு சாயும் திறனிலும் பெரும்பகுதியை இழக்கிறார்கள். மூன்று திசைகளிலும் சுழலும் இணைப்பே இரண்டையும் தரும், விலைதான் அதிகம். 24 வோல்ட் விளக்குகளை 12 வோல்டுக்கு மாற்றுவது ஒரு பிற்பகல் வேலை. சக்கரத்தில் மட்டும் ஓர் இனிய தற்செயல் உண்டு: ஐந்தரை அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட் என்ற பழைய ஜீப்பின் அளவே மாருதி ஜிப்சிக்கும் ஜிம்னிக்கும் உரியது. ஆகவே ஒரே உதிரிச் சக்கரம் இரண்டுக்கும் உதவும்.

இந்தியாவுக்கு வருவோம். இங்கும் படைத்துறை கழித்த வண்டிகள் எம்எஸ்டிசி வழியாக ஏலத்திற்கு வருகின்றன. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ‘மோட்டார் வாகனம்’ என்ற சொல்லுக்குள் டிரெய்லரையும் அடக்குகிறது. படைத்துறைப் பதிவு முடிந்ததும் வாங்கியவர் குடிமைப் பதிவு பெற வேண்டும். அங்கே 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்த அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில், கேரள உயர் நீதிமன்றம் காட்டிய நெகிழ்வை ஏற்காமல், உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது.

இந்த விதியின் நோக்கம் பழுதற்றது. விளக்கின்றி, அளவுக்கு மீறிய பாரத்துடன் இரவில் ஊரும் டிராக்டர் டிரெய்லர்களைக் கண்ட எவரும் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லமாட்டார். சிக்கல், ‘அசல்’ என்பதையே பாதுகாப்பின் அளவுகோலாகக் கொள்வதில் உள்ளது. ஓட்டத்தில் இயங்கும் பிரேக்கே இல்லாமல், நிறுத்திவைக்கக் கைப்பிரேக் மட்டும் கொண்டு பிறந்த பழைய டிரெய்லருக்குப் பிரேக் பொருத்துபவர் அசலிலிருந்து விலகுகிறார். பொருத்தாதவர் அசலைக் காக்கிறார். எவருடைய டிரெய்லர் மலைச்சாலையில் இறங்கத் தகுந்தது?

ஆஸ்திரேலியா வேறு வழியில் சிந்தித்தது. அங்கே யார் செய்தார் என்பதைவிட எவ்வளவு எடை என்பதே முதற்கேள்வி. மொத்த எடை 750 கிலோ வரை பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2000 கிலோ வரை ஓர் அச்சிலாவது பிரேக் வேண்டும். அதையும் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் வேண்டும், இணைப்பு அறுந்தால் தானே பிடிக்கவும் வேண்டும். தனியாள் வீட்டில் கட்டிய டிரெய்லரும் இந்த விதிகளுக்கு உட்பட்டுச் சாலைக்கு வரலாம். பிரிட்டனில் தனித்தனி வண்டியைச் சோதித்து ஒப்புதல் தரும் முறை உண்டு.

சோதிக்கும் ஆள்பலம் இந்தியாவில் இல்லை என்பதே வழக்கமான மறுமொழி. வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களை மட்டும் மனத்தில் கொண்டால் அது உண்மையே. எனினும் 2007 முதல் பொறியியல் கல்லூரி மாணவர்கள் பாஹா போட்டிக்காகக் கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டிகளைத் தாமே வடிவமைத்துக் கட்டி வருகிறார்கள். தொழில்நுட்பப் பரிசோதனையைத் தாண்டாத வண்டி அங்கே களம் இறங்க முடியாது. நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பூட்டிக்கொள்ளும் வரை பிரேக் சோதனை முடிவதில்லை. சோதிக்கத் தெரிந்த ஆசிரியர்களும் சோதனைக்கு ஆட்பட்ட மாணவர்களும் நாட்டில் இருக்கிறார்கள். பட்டம் பெற்ற மறுநாள், அதே மாணவர் ஒரு டிரெய்லரின் இணைப்பை மாற்றினால் சட்டத்தின் பார்வையில் அவர் பிழை செய்தவர் ஆகிவிடக்கூடும். தடையால் மாற்றியமைப்பு நின்றுவிடவும் இல்லை. வரைபடமும் எடைச்சீட்டும் இல்லாமல், கேள்வி கேட்க ஆளில்லாத பட்டறைகளில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

2019ஆம் ஆண்டின் திருத்தம், மாற்றங்களுக்கான விவரக்குறிப்புகளையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்துள்ளது. 750 கிலோவுக்கு உட்பட்ட ஒற்றை அச்சு டிரெய்லரிலிருந்து அதைத் தொடங்கலாம்: எடைமேடைச் சீட்டு, இணைப்பின் மீது இறங்கும் சுமையின் அளவு, வெல்டிங் இடங்களைக் காட்டும் வரைபடம், விளக்குச் சோதனை, இவற்றின் கீழ் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தின் கையொப்பம்.