வேலை ஒன்று, கூலி இரண்டு

செங்காங்கில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கிறேன். எங்கள் புளோக்கின் மின்தூக்கியில் ஏறும் விநியோக ஊழியர்கள் சுமப்பது ஒரே மாதிரிப் பெட்டிகளைத்தான். ஆனால், முழுநேர ஊழியருக்கு மாதச் சம்பளமும் மருத்துவ விடுப்பும் உண்டு. செயலிவழி ஓடுபவருக்கோ பொட்டலக் கணக்கு.

வாரம் 35 மணி நேரத்திற்குக் குறைவாக ஒப்பந்தத்தில் உழைக்கும் பகுதிநேர ஊழியருக்கும் வேலை நேரத்திற்கேற்ப விடுப்பு தரவேண்டும் என்கிறது சிங்கப்பூர்ச் சட்டம். செயலிவழி ஊழியர் அதில் சேரமாட்டார். 2025 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த இணையத்தள ஊழியர் சட்டம் அவருக்கு வேலைக்காய இழப்பீட்டையும், என் வயதுக்காரர் என்றால் கூடுதல் மத்திய சேமநிதியையும் தந்தது. நல்லதுதான். காய்ச்சலில் படுத்த நாளுக்கு மட்டும் இன்னும் சம்பளமில்லை!

அமெரிக்காவில் 1997 ஆகஸ்டில் யுபிஎஸ் ஊழியர் சுமார் 185,000 பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இவ்வேறுபாடே பெருங்காரணம். பகுதிநேரத்தாரின் தொடக்கக் கூலி 1982 முதல் மணிக்கு 8 டாலரிலேயே நின்றிருந்தது. போராட்டத்தின் பயனாக 10,000 முழுநேர வேலைகளுக்கு ஒப்புதல் கிடைத்தது.

“விரும்பித்தானே பகுதிநேரம் ஓடுகிறார்கள்?” என்பார்கள் நண்பர்கள். இருக்கட்டும். நேரம் குறைந்தால் மொத்தச் சம்பளம் குறையலாம். ஒரு மணி நேர உழைப்பின் விலை ஏன் குறையவேண்டும்?