இறக்கத்துக்குத் தனிக் கணக்கு

சேக்காட்டைத் தாண்டி ஆவடிக்குள் நுழையும் மின்ரயில்களில் மும்முனை மோட்டார் பூட்டியவை, பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தை மேல்கம்பிக்கே திருப்பி அனுப்புகின்றன. மலைச் சுரங்கங்களில் இதே வேலையைச் செய்வது கன்வேயர் பெல்ட். ரயிலுக்கு ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சில நொடிதான் இந்த வாய்ப்பு. பெல்ட்டுக்கோ தாது விழும் நேரமெல்லாம் வாய்ப்பு.

சத்தீஸ்கரின் பைலாடிலா மலையில் 1968 முதல் என்எம்டிசி இரும்புத்தாது வெட்டுகிறது. தாது மேலே, ரயிலில் ஏற்றும் இடம் அடிவாரத்தில். நடுவே இறங்கும் பெல்ட்கள் மின்சாரத்தைத் திருப்பித் தருகின்றன. சிலியின் லாஸ் பெலாம்ப்ரெஸ் செம்புச் சுரங்கத்தில் பெல்ட்கள் சுமார் 12.7 கிலோமீட்டர் ஓடி, 1,300 மீட்டர் அளவுக்குக் கீழே வருகின்றன. ஒரு டன் 367 மீட்டர் இறங்கினால் ஒரு யூனிட். மணிக்கு 1,000 டன், 100 மீட்டர் இறக்கம் என்றால் 272 கிலோவாட். உராய்வு தின்றது போக மிச்சம் கைக்கு வரும்.

தனி ஜெனரேட்டர் எதுவும் வேண்டாம். நிமிடத்துக்கு 1,500 சுற்று ஒத்திசைவு வேகம் கொண்ட இண்டக்ஷன் மோட்டாரைத் தாதுவின் எடை 1,515-க்குத் தள்ளிவிட்டால், அதுவே ஜெனரேட்டர்.

சிக்கல் பழக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியாளர்களுக்குக் கைவந்தது ஏறும் பெல்ட்: நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி குழியிலிருந்து மேலே வருகிறது. அங்கே உராய்வைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் மோட்டார் ஒரு அளவு பெரிதாகும், அவ்வளவுதான். இறக்கத்தில் உராய்வு பிரேக்குக்குத் துணைநிற்கும் ஆள். அதைக் கூட்டிப் போட்டால், மோட்டார் பிடித்து நிறுத்த வேண்டிய சுமையைக் குறைத்துக் காட்டியதாகிவிடும். உச்ச முறுக்குவிசையைத் தாண்டியதும் மோட்டார் கைவிட்டுவிடும். பெல்ட் தறிகெட்டு ஓடும். அதனால்தான் ஐஎஸ்ஓ 5048, வழக்கமான 0.020 உராய்வுக் கெழுவுக்குப் பதில், மோட்டாரால் தடுக்கப்படும் இறங்கு பெல்ட்டுக்கு 0.012 என்று 40 சதவீதம் குறைத்துச் சொல்கிறது. பெல்ட்டைத் தாங்கும் உருளைகளான ஐட்லர்களை நன்றாகப் பராமரித்து உராய்வைக் குறைத்த ஆலைக்குத்தான் இங்கே ஆபத்து அதிகம் என்பது வேடிக்கைதான்.

அடுத்தது டிரைவ். வேகத்தைக் கட்டுப்படுத்த, மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றும் விஎஃப்டி பொருத்துகிறார்கள். அதன் முகப்பில் இருப்பது வெறும் டயோடு என்றால் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. பேனலுக்கு மேல் ரெசிஸ்டர் பெட்டி கொதிக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் சும்மா கிடைத்துவந்த யூனிட், காசு கொடுத்து நவீனமாக்கியதும் வெப்பமாகப் போய்விடும். மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் வழிவிடும் ஆக்டிவ் ஃப்ரண்ட் எண்ட் டிரைவ் விலை கூடுதல்தான். ஆனால் டன்னும் இறக்கமும் தெரிந்தால் அந்த விலை எத்தனை மாதத்தில் திரும்பும் என்று அரைப் பக்கத்தில் போட்டுவிடலாம். அம்பத்தூரில் பேனல் கட்டுகிறவர்கள் விலைப்புள்ளியோடு அந்த அரைப் பக்கத்தையும் இணைக்கலாமே.

ஒன்றை மட்டும் இந்த லாபக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கரண்ட் போனால் மோட்டார் தந்த தடுப்பும் அந்த நொடியே போகும், பெல்ட் நிறையத் தாது இருக்கும்போதே. டிஸ்க் பிரேக் தனியாக, முழுச் சுமையையும், தன் வெப்ப வரம்பைத் தாண்டாமல் நிறுத்தியாக வேண்டும். மின்சாரம் மீட்கிறோமே என்று பிரேக்கின் அளவைக் குறைத்துக் கேட்கும் டெண்டரைத் திருப்பி அனுப்புவதே சரி.