யார் பார்த்தது?



சென்ற இதழின் அட்டை உங்களுக்கு நினைவிருக்கும். கையில் கிண்ணம், கடைக்கண்ணில் ஒரு கள்ளச் சிரிப்பு, காலடியில் சாய்ந்து கிடக்கும் ஆண்கள். 'ஆறு பேரைத் தீர்த்த அரசி' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. இலங்கையின் அனுராதபுரத்தை ஆண்ட அனுலாவைப் பற்றிய கட்டுரை அது. தலைப்பு என் கைங்கரியம். இதழ் நன்றாகப் போனது என்று முகவர்கள் சொன்னார்கள். நானும் பூரித்துப்போய் இருந்தேன்.

பிறகு விருதுநகரிலிருந்து ஓர் இன்லண்டு கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நலமா, மழை உண்டா என்றெல்லாம் விசாரிக்கவில்லை. "கட்டுரை படித்தேன். விஷம் வைத்ததை யார் பார்த்தது?" அவ்வளவுதான்.

எரிச்சலாக இருந்தது. 'மகாவம்சத்தில் இருக்கிறது ஐயா' என்று பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன் அதன் 34ஆம் அத்தியாயத்தை நானே ஒருமுறை நிதானமாகப் படித்துவிடலாம் என்று எடுத்தேன். வாரக்கணக்காகியும் பதில் எழுதி முடிக்கவில்லை.

கதை இதுதான். கி.மு. முதல் நூற்றாண்டு. சோரநாகனின் மனைவி அனுலா. அரண்மனைக் காவலன் ஒருவன்மேல் ஆசைப்பட்டுக் கணவனுக்கு விஷம் வைக்கிறாள். அடுத்து அரசனான திஸ்ஸனுக்கும் அதே விஷம். காவலன் சிவன் 14 மாதம் ஆள்கிறான். பிறகு வடுகன் என்ற தமிழன், நகரத்துத் தச்சன், அவனுக்கும் 14 மாதம். பிறகு ஒரு விறகு சுமப்பவன், 13 மாதம். பிறகு நீலியன், அரண்மனைப் புரோகிதன், அவனும் தமிழன், 6 மாதம். ஒவ்வொருவனும் அவள் ஆசையால் அரியணை ஏறி, அவள் விஷத்தால் இறங்குகிறான். கடைசியில் 32 காவலர்களோடு இஷ்டம்போல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அவள் தானே முடிசூடி 4 மாதம் ஆள்கிறாளாம்.

அந்த 32-இல்தான் நான் நின்றேன். விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தில் 32 பதுமைகள். அறங்கள் 32. புத்தர் திருமேனிக்கு இலட்சணங்கள் 32. காவலர்களை எண்ணிப் பார்த்தவன் எழுதிய கணக்காக எனக்கு இது தோன்றவில்லை.

மகாவம்சம் பாலி மொழியில் மகாவிகாரைப் பிக்குகள் மரபில் எழுதப்பட்ட நூல். மகாநாம தேரர் அதைத் தொகுத்தது கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டு வாக்கில். அனுலா செத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல். அவள் கணவன் சோரநாகன் 18 விகாரைகளை இடித்தவன். 'சோர' என்றால் திருடன். பெற்றவர்கள் வைத்த பெயராக இருக்காது. நூல் அவனை நேராக நரகத்துக்கு அனுப்பிவிடுகிறது. அனுலாவைக் கொன்று பட்டத்துக்கு வந்த கூடகண்ணதிஸ்ஸனோ அவளுக்குப் பயந்து துறவியாகி, பிறகு படை திரட்டி வந்தவன். 22 ஆண்டு ஆண்டு, பிக்குகளுக்கு உபோசத மண்டபம் கட்டியவன். அவன் செய்த திருப்பணிகளை நூல் அடுக்கிச் சொல்கிறது. இதில் இன்னொன்றும் உண்டு. விஷம் வைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் திஸ்ஸன் இவனுக்கு அண்ணன். சோரநாகனோ இவர்கள் தகப்பனுக்கு எதிராகக் கலகம் செய்தவன். அரச குடும்பத்துப் பங்காளிச் சண்டை நன்றாகவே தெரிகிறது. ஆனால் கதையில் மிஞ்சியது ஒரு பெண்ணின் காமம் மட்டும்.

அனுலா அப்பாவி என்று நான் சாதிக்க வரவில்லை. நாலரை ஆண்டுக்குள் இத்தனை அரசர்கள் மாறியது தானாக நடந்திருக்காது. கொலைகள் நடந்திருக்கலாம், அவளுக்கும் பங்கு இருந்திருக்கலாம். எல்லாக் கொலைக்கும் ஒரே கை, ஒரே விஷம், ஒரே காரணம் என்று அடுக்கியிருப்பதைத்தான் நம்ப முடியவில்லை.

ஹங்கேரியில் எலிசபெத் பாத்தோரி என்ற சீமாட்டியின் கதையும் இப்படி வளர்ந்ததுதான். 1610-இல் பிடிபட்டார், விசாரணை மன்றத்தில் அவரை ஏற்றவே இல்லை, கோட்டைக்குள்ளேயே அடைத்துவைக்கப்பட்டு 1614-இல் இறந்தார். வேலைக்காரப் பெண்கள் கொடுமைப்படுத்தப்பட்டதற்குச் சாட்சிகள் இருந்தன. கன்னிப் பெண்களின் ரத்தத்தில் குளித்தார் என்பது மட்டும் முதன்முதலில் அச்சேறியது 1729-இல். இன்று உலகம் அறிந்தது அந்தக் குளியலைத்தான்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மதுரைச் சீமையை 1689 முதல் பேரனுக்காக ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டார், சத்திரம் கட்டினார். அதற்கு ஊர் சொல்லும் காரணம் தெரியுமல்லவா? நினைவில்லாமல் இடது கையால் வெற்றிலை போட்டுவிட்டாராம். அந்தப் பாவம் தீரத்தான் இத்தனை தர்மமும். திருமலை நாயக்கர் மகால் கட்டியபோது அவர் எந்தக் கையால் வெற்றிலை போட்டார் என்று யாரும் கேட்கவில்லை. (சிவகாசிக்குப் பக்கத்து நதிக்குடியில் பிறந்த நா. பார்த்தசாரதி 'ராணி மங்கம்மாள்' என்று நாவலே எழுதியிருக்கிறார். ஆனால் 1943-இல் வந்த 'மங்கம்மா சபதம்' படத்துக்கும் இந்த ராணிக்கும் சம்பந்தமில்லை. கேட்டு எழுதுகிறவர்கள் இனி எழுத வேண்டாம்.)

ஆசிரியரின் கேள்வி என்னை உறுத்தியதற்கு வேறு காரணமும் உண்டு. எங்கள் தெருவில் ஓர் அக்கா பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். காலை ஏழு மணிக்கு வேன் வரும். தூக்குவாளியோடு ஏறுவார். ஒரு நாள் மதியம் சத்தம் கேட்டது. நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சத்தம் கேட்டதும் முதலில் வானத்தைத்தான் பார்ப்போம், எந்தத் திசையில் புகை என்று. டீக்கடையில் கால் மணி நேரத்துக்குள் "முப்பது பேராம்" என்றார்கள். மாலையில் அது மூன்று என்று தெரிந்தது. அக்கா மூவரில் ஒருவர்.

காரணமும் அன்றைக்கே தயாராகிவிட்டது. "அந்தப் பொம்பள செல்போனை உள்ள கொண்டு போயிருக்கா. அதான் வெடிச்சிருக்கு." தெரு முழுக்க இதையே சொன்னது. அந்தி சாய்வதற்குள் போன் மணி அடித்தது, அவர் எடுத்துப் பேசினார் என்பதுவரை கதை வந்துவிட்டது.

அக்காவிடம் போனே கிடையாது. அவசரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துதான் பேசுவார். அதை நான் இரண்டு மூன்று பேரிடம் சொன்னேன். "புதுசா வாங்கியிருப்பா" என்றார்கள்.

ஆசிரியர் ஐயாவுக்கு இந்த இதழில்தான் பதில்: யாரும் பார்க்கவில்லை ஐயா. தலைப்பு என் தவறு. அனுலா பற்றிய கட்டுரையை மூல நூல் சொல்வது எது, நாங்கள் சேர்த்தது எது என்று பிரித்து, 14ஆம் பக்கத்தில் மறுபடி வெளியிட்டிருக்கிறோம். ஓவியர் கிண்ணம் இல்லாமல் வேறு படம் வரைந்து கொடுத்தார். பார்க்கச் சுமாராகத்தான் இருக்கிறது.

தீபாவளி மலருக்கு உங்கள் ஊர் மங்கம்மாள் கதைகளை எழுதி அனுப்புங்கள். யார் சொல்லிக் கேட்டீர்கள், அவர் யாரிடம் கேட்டாராம் என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
இதழாசிரியர்