பதிவறையில் இருப்பவர்

மருத்துவமனைக்குக் கணினி வாங்கக் காசு கிடைத்துவிடுகிறது. ஆளைப் பழக்கத்தான் கிடைப்பதில்லை. இலங்கை இதில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. கொழும்புப் பல்கலைக்கழகம் மருத்துவர்களுக்கே உயிர்மருத்துவத் தகவலியலில் முதுநிலைப் பட்டம் தருகிறது. கொரோனா பரவத் தொடங்கிய 2020இல் அதன் பலன் தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கண்காணிக்க, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டிஎச்ஐஎஸ்-2 என்ற திறந்த மூல மென்பொருளை உள்ளூர் வல்லுநர்களே விரைந்து மாற்றியமைத்தார்கள்; பிற நாடுகளும் அதைப் பின்பற்றின. ஆனால் டாக்டரைப் படிக்கவைத்தால் மட்டும் தீராது. பல இடங்களில் நோய்க்கு ஐசிடி-10 என்ற பன்னாட்டு வகைப்பாட்டின்படி குறியீடு இடுபவர் பதிவறை ஊழியர்தான் (அவரை யார் கருத்தரங்குக்கு அழைக்கிறார்கள்?). டாக்டரின் கிறுக்கலைப் பார்த்து அவர் பொத்தாம்பொதுவாக ‘காய்ச்சல்’ என்று போட்டால், மாவட்டத்தின் நோய்க்கணக்கே தப்பும். அடுத்த பயிற்சி நிதியை அவருக்கு ஒதுக்குங்கள். பதவி உயர்வும் சேர்த்து.