அடிச்சவனே காசும் கட்டணுமா?

தோழர்களே,

பாட்டைப் போடுகிறவன் பாட்டுக்காரனுக்குக் கூலி தரணுமா, பாட்டுக்காரன் பாட்டைப் போடுகிறவனுக்குக் கப்பம் கட்டணுமா? இந்தக் கேள்வி நம்ம சேரிப் பையன்களின் செல்போனுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அதனால் இந்த இதழின் தலையங்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

விஷயம் இதுதான். பாப்பாரப்பட்டி வட்டாரத்தில் பறை அடித்துப் பாடுகிற நம் இளைஞர் குழு ஒன்று, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் மூன்று பாட்டுகளைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றியது. சொந்தக்காரர்கள் கேட்டார்கள், கூட்டாளிகள் கேட்டார்கள். அதோடு நின்றுபோனது. அப்புறம் ஓர் இணைய வானொலியிலிருந்து செய்தி வந்தது. பாட்டு நன்றாக இருக்கிறதாம். மாதக் கட்டணம் கட்டினால் தினமும் இத்தனை முறை என்று கணக்கு வைத்துப் போடுவார்களாம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிவிடலாமா என்று பையன்கள் யோசிக்கிறார்கள். "கட்டலாமாண்ணா?" என்று என்னிடம் கேட்டார்கள். கட்டாதீங்க என்பதுதான் என் பதில். காரணம் சொல்லாமல் கட்டளை போடுவது நமக்குப் பழக்கமில்லை. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நம்ம கணக்கைப் பார்ப்போம். பறைக்கும் கூலிக்கும் உள்ள வழக்கு நேற்று வந்ததில்லை. சாவு விழுந்தால் அடி, மாரியம்மன் பண்டிகைக்கு அடி, ஊர்ச் சேதிக்குத் தண்டோரா போடு என்றார்கள். அதற்குக் கொடுத்ததைக் கூலி என்று சொல்ல முடியாது. களத்துமேட்டில் அள்ளிப்போட்ட தவசம், மிஞ்சிய சோறு, கொஞ்சம் சாராயம். 'ஊர்த்தொழில்' என்று அதற்கு ஒரு பேர் வேறு. மறுத்தவர்களை அடித்தார்கள், வேலை கொடுக்காமல் ஒதுக்கினார்கள். "இனிமே அடிக்க மாட்டோம்" என்று பறையைத் தூக்கிப் போட்ட சேரிகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. அதற்கப்புறம்தான், அடித்தால் நமக்காக அடிப்போம், நாம் சொல்லுகிற கூலிக்கு அடிப்போம் என்று அதே பறையை மறுபடி கையில் எடுத்தோம். திண்டுக்கல் சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. 2025இல் மதுரையின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. சும்மா அடி என்றவனிடமிருந்து மீண்டு, கூலி பேசுகிற இடத்துக்கு வர நமக்குத் தலைமுறைகள் ஆகியிருக்கின்றன. இப்போது என்ன சொல்கிறான்? அடிக்கிறதையும் அடிச்சிட்டு, காசையும் நீயே குடு என்கிறான்.

பையன்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் இது வெறும் மேடைப்பேச்சாகிவிடும்.

"அண்ணா, அகில இந்திய வானொலியில குரல் தேர்வு வைக்கிறாங்க. சுருதி பாக்கறாங்க, உச்சரிப்பு பாக்கறாங்க. பி, பி-ஹை, ஏ, டாப்புன்னு தரம் பிரிக்கிறாங்க. இவன் நம்மகிட்ட எதையும் கேக்கல. சாதியும் கேக்கல. காசு மட்டுந்தான கேக்கறான்?" என்றான் ஒரு தம்பி.

சரியான கேள்வி. எது சங்கீதம், எது சத்தம் என்று முடிவு செய்கிற நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். நம்ம தருமபுரிக் கூத்துக்காரர் பக்கத்தில் வைத்து வாசிக்கிற ஆர்மோனியப் பெட்டி இருக்கிறதே, அதை 1940இல் வானொலி தடை செய்தது. அந்தத் தடையை 1971இல்தான் தளர்த்தினார்கள். தூய சங்கீதத்துக்கு அந்தப் பெட்டி ஆகாதாம். ஆர்மோனியத்துக்கே அந்தக் கதி என்றால் மாட்டுத்தோலுக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும்? ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனவருக்கு வானொலி சம்பளம் கொடுத்தது. தரத்துக்குத் தக்கபடி கொடுத்தது. நீ பாடினதுக்கு நீயே கட்டு என்று சொல்லவில்லை.

இவன் சாதி கேட்கவில்லை, காசுதான் கேட்கிறான். சரி, காசு யார் கையில் இருக்கிறது? நிலம் யார் பேரில் இருக்கிறது? கல் குவாரி யாருடையது, பஸ் முதலாளி யார், ஃபைனான்ஸ் கம்பெனி யாருடையது? தலைமுறை தலைமுறையாகச் சாதி பார்த்துச் சேர்ந்த பணத்தை வைத்து ஏலம் விட்டால், ஏலக்காரன் சாதி கேட்க வேண்டிய தேவையே இல்லை. நம்ம பையன் ரெண்டாயிரம் கட்டினால் இன்னொருத்தன் இருபதாயிரம் கட்டுவான். நம்ம பையன் அடுத்த மாசம் வட்டிக்கு வாங்கிக் கட்டுவான். அதற்கடுத்த மாசம் பாட்டு நின்றுபோகும், வட்டி மட்டும் நிற்காது.

இன்னொரு தம்பி வேறு மாதிரி கேட்டான். "விளம்பரம்னு நெனச்சுக்கலாமே? கச்சேரிக்கு நோட்டீஸ் அடிக்கறோம், ஃபிளக்ஸ் வைக்கறோம். அதுக்கும் காசுதான?" இதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஃபிளக்ஸைப் பார்க்கிறவருக்கு அது காசு கொடுத்து வைத்தது என்று தெரியும். இலங்கை வானொலியில் கம்பெனிப் பேரைச் சொல்லி நிகழ்ச்சி போட்டபோது, அது கம்பெனி காசில் நடக்கிறது என்பது கேட்கிறவருக்குத் தெரிந்தது. வானொலிக்காரன் தானாக எடுத்துப் போடுகிற பாட்டு அப்படி இல்லை. நல்லா இருந்ததால் எடுத்துப் போடுகிறான் என்றுதான் கேட்கிறவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையைத்தான் அவன் விற்கிறான். 'இது காசு வாங்கிக்கொண்டு போடுகிற பாட்டு' என்று ஒவ்வொரு முறையும் அறிவித்துவிட்டுப் போடட்டும். அப்போது அது விளம்பரம். கையில் மிச்சம் இருந்தால் கட்டுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். அறிவிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வருகிறது என்று.

இந்தத் தொழில் புதுசில்லை. அமெரிக்காவில் இதற்குப் 'பேயோலா' என்று பேர் வைத்தார்கள். அங்கே 1955இல் சக் பெர்ரி என்ற கறுப்பினக் கலைஞரின் 'மேபெலீன்' பாட்டு வெளிவந்தது. எழுதியவர் அவர், பாடியவரும் அவர். தட்டு வெளியானபோது எழுதியவர்கள் என்று அவரோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருந்தது. அதில் ஒருவர் ஆலன் ஃபிரீட். பாட்டை வானொலியில் ஓயாமல் போட்டவர். போட்டதற்கு விலையாகப் பாட்டிலேயே பங்கு. அந்தப் பேர்களை நீக்கித் தன் பாட்டை முழுசாகத் தன் பேருக்கு மாற்ற சக் பெர்ரிக்கு 1986 வரை ஆனது. முப்பத்தோரு வருசம்! கையில் காசில்லாதவனிடம் கேட்கிற கட்டணம் காசாகவே இருக்க வேண்டியதில்லை. அவன் பேரைக் கேட்பார்கள், உரிமையைக் கேட்பார்கள்.

1959-60இல் அங்கே நாடாளுமன்ற விசாரணை நடந்தது. காசு வாங்கிக்கொண்டு அறிவிக்காமல் ஒலிபரப்புவது குற்றம் என்று 1960இல் சட்டம் வந்தது. இதற்கு எதிர்வாதமும் உண்டு. ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1979இல் எழுதினார்: பெரிய கம்பெனிகள் கதவை அடைத்து நின்றபோது, கறுப்பர்களின் இசையை வெளியிட்ட சின்னக் கம்பெனிகள் உள்ளே நுழைய இந்தக் காசுதான் உதவியது என்று. அந்தக் காலத்துக்கு அதில் உண்மை இருக்கிறது. பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். காசுக்குத் திறக்கும் கதவு என்று ஆனதும் பெரிய கம்பெனிகள் பெரிய காசோடு வந்தன. 2005-06இல் நியூயார்க் மாநில அரசு வழக்குரைஞர் எலியட் ஸ்பிட்சர் விசாரணை நடத்தியபோது சோனி பிஎம்ஜி 1 கோடி டாலரும், வார்னர் 50 லட்சம் டாலரும், யுனிவர்சல் 1 கோடியே 20 லட்சம் டாலரும் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன. சின்னவன் நுழைந்த சந்தில் பெரியவன் லாரியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்தச் சட்டம் காற்றலை வானொலிக்கு வந்தது. இணையத்தில் அதே சரக்கு வேறு பொட்டலத்தில் வருகிறது. 2009இல் ஜேங்கோ என்ற இணைய வானொலி, 30 டாலர் கட்டினால் 1000 முறை பாட்டைப் போடுவதாகத் தனிக் கலைஞர்களிடம் வெளிப்படையாகவே கடை விரித்தது. 2020இல் ஸ்பாட்டிஃபை வேறு வழி பிடித்தது. முன்பணம் வேண்டாம், வருகிற உரிமைத்தொகையைக் குறைத்துக்கொள், உன் பாட்டை அதன் 'ரேடியோ'விலும் தானாக ஓடுகிற வரிசையிலும் அதிகம் தள்ளிவிடுகிறேன் என்றது. இது பழைய பேயோலாவேதான் என்று அங்கே நாடாளுமன்ற உறுப்பினர்களே கேள்வி எழுப்பினார்கள். யோசித்துப் பாருங்கள். பண்பலையில் ஓர் அலைவரிசை, ஒரு நாளைக்கு 24 மணி நேரம். அங்கே இடப் பஞ்சம் நிஜம். இணையத்தில் என்ன இடப் பஞ்சம்? ஒரு கணினியும் இணைப்பும் இருந்தால் நாமே ஒன்று தொடங்கலாம். இல்லாத பஞ்சத்தை உண்டாக்கித்தான் விற்கிறார்கள். அதோடு, ஆயிரம் முறை போட்டேன் என்றால் ஆயிரம் பேர் கேட்டார்கள் என்று அர்த்தமும் கிடையாது. ஆளில்லாத தெருவில் ஆயிரம் அடி அடித்தாலும் சாவுக்கு ஆள் வராது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? வானொலியும் தொலைக்காட்சியும் முன்னறிவிப்புக் கொடுத்து, நிர்ணயித்த தொகையைக் கட்டிப் பாட்டைப் போடலாம் என்று 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் 31டி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். இணைய ஒலிபரப்புக்கு இந்தச் சலுகை கிடையாது என்று டிப்ஸ் - விங்க் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2022 அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. அப்படியென்றால் இணையத்தில் உன் பாட்டைப் போடுகிறவன் உன்னிடம் அனுமதி கேட்கணும், விலை பேசணும். சட்டப்படி அவன் உன் திண்ணைக்கு வர வேண்டியவன். இங்கே நாம் அவன் வாசலில் பணத்தோடு நிற்கிறோம். அதே 2012 திருத்தத்தின்படி, பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்களுக்கு வர வேண்டிய உரிமைத்தொகையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. பாடுகிறவருக்கும் அடிக்கிறவருக்கும் நிகழ்த்துநர் உரிமை 50 வருசம் உண்டு. யார் கட்டினது என்று தெரியாத ஊர்ப்பாட்டாக இருந்தாலும், அதை நீ அடித்துப் பாடிய பதிவில் உனக்கு அந்த உரிமை உண்டு. நம்ம பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

"எப்படியாவது நாலு பேர் காதுல விழுந்தா போதும், காசு பின்னால வரும்" என்கிறார்கள். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' விழாத காது உண்டா? அறிவும் தீயும் பாடிய அந்தப் பாட்டை யூடியூபில் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். 2024 மார்ச்சில் அதன் தயாரிப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசா கூட வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட மாஜா நிறுவனம் அதை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அவ்வளவு கேட்கப்பட்ட பாட்டுக்கே பணம் எங்கே போனது என்று தகராறு வரும்போது, காது பெருகினால் காசு தானாக வரும் என்ற கணக்கை எப்படி நம்புவது? 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு வருசத்தில் 1000 முறையாவது கேட்கப்படாவிட்டால் அதன் பதிவுக்கு உரிமைத்தொகை எதுவும் கிடையாது.

அப்படியானால் நம்ம பாட்டு எப்படித்தான் பரவும்? முன்னே எப்படிப் பரவியது? இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா'வை கே.ஏ. குணசேகரன் மேடை மேடையாகப் பாடினார். கூட்டத்தில் கேட்டவர்கள் ஊருக்குப் போய்ப் பாடினார்கள். இந்தப் பாப்பாரப்பட்டியில் 1925 சூலை 23இல் இறந்துபோன சுப்பிரமணிய சிவா, தொழுநோயாளி என்று ரயிலில் ஏறத் தடை வந்தபோது நடந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடை ஏறியபோது முன்னால் ஆட்கள் திரண்டு நின்றார்கள். ஆட்கள் இருந்த இடத்துக்கு அவர்கள் போனார்கள்.

ஆகவே பையன்களுக்கும், இதே மாதிரி செய்தி வந்திருக்கிற மற்ற குழுக்களுக்கும் நான் சொல்வது இது. ஒலிபரப்புக்காகக் காசு கட்டாதீங்க. அந்தக் காசில் நல்ல பதிவு செய்யுங்க, நல்ல தோல் வாங்குங்க, பக்கத்து வட்டாரத்துக்கு வண்டி பிடிச்சுப் போய் அடிச்சிட்டு வாங்க. யார் எழுதினது, யார் மெட்டு, யார் அடிச்சது என்று ஒவ்வொரு பாட்டுக்கும் பேரும் தேதியும் போட்டு எழுதி வையுங்க. பாட்டு எழுதுகிறவர்களும் மெட்டுப் போடுகிறவர்களும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் பதிவு செய்யுங்க. மூலப் பதிவை எவனுக்கும் எழுதிக் கொடுக்காதீங்க. இணைய வானொலி நடத்துகிற நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்களுக்கும் செலவு உண்டு என்று தெரியும். கேட்கிறவர்களிடம் கேளுங்கள், சந்தா வாங்குங்கள், கடை விளம்பரம் போடுங்கள். பாடுகிறவன் மடியில் கை வைக்காதீர்கள்.

ஒரு குழு மட்டும் கட்ட மாட்டேன் என்றால் அடுத்த குழுவிடம் போவான். தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் குழுக்கள் எல்லாம் சேர்ந்து கட்ட மாட்டோம் என்றால் அவனுக்குப் போட நல்ல பாட்டு கிடைக்காது. சாவு மேளத்துக்குக் கூலி நிர்ணயித்ததும் இப்படிக் கூடிப் பேசித்தானே? உங்களுக்கு வந்திருக்கிற ஒப்பந்தத் தாள், செல்போன் செய்தி எதுவானாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எடுத்துக்கிட்டு வாங்க. எல்லாரும் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம். நான் சொன்னதில் மாறுபாடு இருந்தால் அதையும் எழுதுங்க, அடுத்த இதழில் அப்படியே போடுகிறேன்.

தோழமையுடன்,
ஆசிரியர்
பாப்பாரப்பட்டி