தேதிக்கு முன் வரும் வலி: திட்டமிட்ட சிசேரியன் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

வலி எடுப்பதற்கு முன்பே நாள் குறித்து, வயிற்றையும் கருப்பையையும் கீறிக் குழந்தையை வெளியே எடுப்பது திட்டமிட்ட சிசேரியன் எனப்படுகிறது. முதல் பேறு சிசேரியனாக அமைந்தது, குழந்தையின் தலை கீழ்நோக்கித் திரும்பாமல் இருப்பது, நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மறித்துக்கொண்டு கிடப்பது ஆகியவை இவ்வாறு நாள் குறிக்கப்படுவதற்கான வழக்கமான காரணங்கள். தண்டையார்பேட்டையையும் அதைச் சூழ்ந்த வடசென்னைப் பகுதிகளையும் களமாகக் கொண்டு தாய்மார் நலனுக்காக இயங்கும் இவ்வமைப்பு, குறித்த நாளுக்கு முன்பே வலி எடுத்துவிடும் பெண்களைப் பற்றிய தன் நிலைப்பாட்டை இவ்வறிக்கையின் வழியே முன்வைக்கிறது. வலி முந்திக்கொண்டால் என்ன செய்ய வேண்டும், எங்கே போக வேண்டும், அறுவையா சுகப்பிரசவ முயற்சியா என்பதெல்லாம் நாள் குறிக்கப்படும் அன்றே அந்தப் பெண்ணிடம் பேசப்பட்டு, எழுத்தில் அவர் கையில் தரப்பட வேண்டும் என்பதும், அது தரப்படாத வரை குறிக்கப்பட்ட தேதி பாதித் திட்டமே என்பதும் இவ்வமைப்பின் உறுதியான கருத்தாகும்.

தாய்க்கோ சிசுவுக்கோ வேறு அவசரம் இல்லாத பட்சத்தில், 39 வாரம் நிறைந்த பிறகே திட்டமிட்ட அறுவையைச் செய்வது இன்று பரவலாக ஏற்கப்பட்ட நெறி. அவ்வாறு நாள் குறிக்கப்பட்ட பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அந்த நாளுக்கு முன்பே வலி வந்துவிடுகிறது என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி குறிப்பிடுகிறது. பத்தில் ஒன்று என்பது அபூர்வம் அல்ல. எதிர்பார்த்து ஏற்பாடு செய்துகொள்ள வேண்டிய அளவு. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டின் பிறப்புகளில் 44.9 விழுக்காடு சிசேரியன் வழியே நிகழ்ந்தன. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் அது 63.8 விழுக்காடு. 2015–16இல் நடந்த முந்தைய சுற்றில் மாநில அளவு 34.1 விழுக்காடாக இருந்தது. இந்த விகிதம் ஏன் இப்படி ஏறியது என்பது தனியாக எழுதப்பட வேண்டிய கதை. இங்கே பொருட்படுத்த வேண்டியது ஒன்றுதான்: முதல் பேற்றில் போட்ட தையல் அடுத்த பேற்றில் தேதியாக மாறுகிறது, ஆதலால் தேதியோடு வீட்டில் காத்திருக்கும் பெண்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது.

வலி முந்திவிடுமே என்ற அச்சத்தில் தேதியையே முன்னால் இழுத்து வைப்பது தீர்வாகாது. மறு சிசேரியனுக்கு நாள் குறிக்கப்பட்ட பெண்களைப் பற்றி அமெரிக்காவில் நடத்தப்பட்டு, 2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வில், மூச்சுத் திணறல், இரத்தச் சர்க்கரை குறைதல், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படுதல் முதலான சிக்கல்களில் ஏதேனும் ஒன்று 37ஆம் வாரத்தில் எடுக்கப்பட்ட குழந்தைகளில் 15.3 விழுக்காட்டினருக்கும், 38ஆம் வாரத்தில் 11 விழுக்காட்டினருக்கும், 39ஆம் வாரத்தில் 8 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. கருவறையில் சிசுவின் நுரையீரல் நீரால் நிரம்பியிருக்கும். அந்த நீரை உறிஞ்சிக் காற்றுக்கு இடம் செய்யும் வேலையைக் கடைசி வாரங்களும் வலியோடு சுரக்கும் இயக்குநீர்களும் சேர்ந்து செய்கின்றன. தானாக வந்த வலி, அதன் பிறகு அறுவையே நடந்தாலும், குழந்தையின் மூச்சுக்கு ஓரளவு துணையாகவே இருக்கிறது.

நல்ல நேரம் பார்ப்பதும் இவ்விடத்தில் பேசப்பட வேண்டியதே. 39 வாரம் நிறைந்த பின் உள்ள நாட்களுக்குள் நட்சத்திரம் பார்த்து ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளும் குடும்பத்தோடு இவ்வமைப்புக்கு வழக்கு எதுவும் இல்லை. சித்திரை பிறப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று 37ஆம் வாரத்துக்குத் தேதியை நெருக்குவதையும், வலியோடு வந்த பெண்ணை ராகுகாலம் கழியட்டும் என்று மருத்துவமனை வாசலில் ஆட்டோவிலேயே உட்காரவைப்பதையும் அது ஏற்கவில்லை. வலி முந்தியதற்கு, குடம் தூக்கினாள், மாடிப்படி ஏறினாள் என்று அந்தப் பெண்ணின் மேல் பழி போடும் வழக்கத்துக்கும் மருத்துவ ஆதாரம் கிடையாது.

எல்லாச் சிசேரியனுக்கும் வலி ஒரே பொருளைத் தருவதில்லை. நஞ்சு கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடியிருக்கும் பெண்ணுக்கு வலியோ துளி இரத்தப்போக்கோ கண்டால் அது நிமிடங்களில் எண்ண வேண்டிய அவசரம். இரத்த வங்கி உள்ள மருத்துவமனைக்கு நேரே போவதைத் தவிர வேறு பேச்சுக்கு இடமில்லை. குழந்தை குறுக்காகக் கிடக்கும்போது பனிக்குடம் உடைந்தால் தொப்புள்கொடி முதலில் நழுவி வெளியே வந்து அழுந்தும் ஆபத்து உண்டு. கொடி தட்டுப்பட்டால் அந்தப் பெண் எழுந்து நடக்காமல், முழங்காலிட்டு நெஞ்சைத் தாழ்த்தி இடுப்பை உயர்த்திய நிலையிலும், வண்டியில் ஏற்றிய பின் இடுப்புக்கடியில் தலையணை வைத்து இடப்பக்கம் ஒருக்களித்தும் இருக்க வேண்டும். முந்தைய சிசேரியன் தழும்பு மட்டுமே காரணம் எனில் நிலைமை பெரும்பாலும் இத்தனை கடுமையானதல்ல. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக இடப்பட்ட ஒரே தழும்போடு வலி கண்டு சுகப்பிரசவத்துக்கு முயலும் பெண்களில் ஏறத்தாழ இருநூறில் ஒருவருக்கே தழும்பு பிரிகிறது என்று ராயல் கல்லூரியின் வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் அந்த ஒருவருக்கு நேர்வது தாயையும் சேயையும் ஒருசேரப் பறிக்கக்கூடியது என்பதால், விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து நிற்கும் வலி, தழும்பின் மேல் குத்தல், இரத்தப்போக்கு, தலைசுற்றல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றை ஒவ்வொரு பெண்ணும் அவர் வீட்டாரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

வீட்டில் கழியும் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி மருத்துவ நூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஒன்பதாம் மாதத்தில் ஒரு பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், இப்பகுதி வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது சீரகக் கஷாயம். சீரகத்தை வெறும் சட்டியில் கருக வறுத்து, தண்ணீர் ஊற்றிப் பாதியாகச் சுண்டவைத்து, பனைவெல்லமோ சிறிது வெண்ணெயோ சேர்த்துக் கொடுப்பார்கள். வலி நின்றால் அது சூட்டு வலி, நிற்காமல் ஏறினால் பிரசவ வலி என்பது பாட்டிமார் கணக்கு. இக்கணக்கை மூடநம்பிக்கை என்று ஒதுக்க இவ்வமைப்பு விரும்பவில்லை. பொய்வலி என்று மருத்துவம் குறிப்பிடும் ஒழுங்கற்ற சுருக்கங்கள் ஓய்விலும் நீர் குடிப்பதிலும் தணிவது உண்மைதான். எனினும் அது வயிற்றில் தழும்பு இல்லாத பெண்களுக்காக உண்டான கணக்கு. நாள் குறிக்கப்பட்ட பெண்ணுக்குச் சூட்டு வலியா மெய்வலியா என்று தீர்ப்புச் சொல்லும் இடம் மருத்துவமனையே ஒழிய அடுப்படி அல்ல; பத்து முறை போய்ப் பத்து முறையும் சூட்டு வலி என்று திரும்பி வந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அப்படி வருபவரை ஏளனமாகப் பேசும் உரிமை எந்தப் பணியாளருக்கும் இல்லை. கஷாயத்தைவிடக் கவலைக்குரியது, போகும் வழியில் தெம்பு வேண்டுமே என்று நான்கு இட்லியை ஊட்டி அனுப்பும் அன்பு. அறுவைக்கு முன் ஆறு மணி நேரம் திட உணவும் இரண்டு மணி நேரம் தெளிந்த நீரும் தவிர்க்கப்பட வேண்டும் என்பது மயக்க மருத்துவத்தின் பொது விதி, ஏனெனில் முழு மயக்கத்தில் வயிற்றிலிருப்பது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கக்கூடும். வலி தொடங்கியதும் திட உணவை நிறுத்துவதும், கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டார் என்பதை மறைக்காமல் சொல்வதும் உயிர் காக்கும் செயல்கள்.

அடுத்தது வழி. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் சாத்தியிருக்கும் நேரத்தையும், துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளையும், மழைக்காலத்தில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் இருபுறமும் தேங்கும் தண்ணீரையும் அறியாதவர் இப்பகுதியில் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருக்களில் படகு ஓடியதும் மறக்கக்கூடியதல்ல. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ நள்ளிரவு வலிக்கு உதவாது. 2008 முதல் இயங்கிவரும் 108 ஆம்புலன்சே பெரும்பாலான வீடுகளுக்கு வழி. அதை அழைப்பவர் ‘பிரசவ வலி’ என்று மட்டும் சொல்லாமல், ‘ஏற்கெனவே ஆபரேஷன், மறுபடியும் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருக்காங்க, அதுக்குள்ள வலி வந்துடுச்சு’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடப் பழக வேண்டும். அருகிலுள்ள மருத்துவமனை என்பதும் பொருத்தமான மருத்துவமனை என்பதும் இரவில் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. பகலில் நாள் குறித்துக்கொடுத்த சிறிய மருத்துவமனையில் இரவில் மயக்க மருத்துவர் வெளியிலிருந்து வர வேண்டியிருக்கலாம், இரத்தமும் வெளியிலிருந்தே வர வேண்டியிருக்கலாம். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று மேற்சொன்ன தேசிய குடும்ப நல ஆய்வே காட்டுவதால், இரத்தம் என்பது கடைசியில் யோசிக்கும் பொருளாக இருக்க முடியாது. இருபத்துநான்கு மணி நேரமும் அறுவை அரங்கு, மயக்க மருத்துவர், இரத்தம், பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ் உள்ள அரசு மையங்களே சீமாங் மையங்கள் எனப்படுகின்றன. இரவு வசதி இல்லாத எந்த மருத்துவமனையும் நாள் குறிக்கும்போதே அதை வெளிப்படையாகச் சொல்லி, வலி முந்தினால் போக வேண்டிய இடத்தின் பெயரை எழுதித் தர வேண்டும் என்று இவ்வமைப்பு கோருகிறது. ராயபுரத்தில் கொடையாளர் ராமசாமி முதலியாரின் பெயரைத் தாங்கிய, மக்கள் ஆர்.எஸ்.ஆர்.எம். என்றே அழைக்கும் அரசு மகப்பேறு மருத்துவமனை இப்பகுதிப் பெண்கள் பலருக்கு அத்தகைய இடமாக இருந்துவருகிறது. ஆனால் அங்கே பதிவு செய்யாத பெண்ணின் ஸ்கேன் அறிக்கையும் முந்தைய அறுவைக் குறிப்பும் அவரோடு சேர்ந்து போனால்தான் பணியிலிருக்கும் மருத்துவர் இருட்டில் துழாவாமல் இருப்பார்.

மருத்துவமனையை அடைந்த பிறகு, ‘தேதி பதினெட்டுதானே, வலியைத் தணிக்க ஊசி போடுகிறோம், போய்விட்டு வாருங்கள்’ என்று அனுப்பிவிடுவதும், ‘வலி வந்துவிட்டது, உடனே மேசையில் ஏற்று’ என்று ஓடுவதும் ஆகிய இரண்டுமே தவறு என்று இவ்வமைப்பு கருதுகிறது. பிரிட்டனில் சிசேரியன்கள் அவசரத்தைப் பொறுத்து நான்கு படிகளாகப் பிரிக்கப்படுகின்றன. உயிருக்கு உடனடி ஆபத்துள்ள முதல் படிக்கு 30 நிமிடமும், ஆபத்து இருந்தும் உடனடியாக இல்லாத இரண்டாம் படிக்கு 75 நிமிடமும் வரம்பு. தாயும் சேயும் நலமாயிருந்து, பேறு மட்டும் முந்த வேண்டியிருப்பது மூன்றாம் படி. தேதிக்கு முன் வலி கண்ட பெண்களில் பலர் இந்தப் படியில் வருபவர்களே. எனவே அவரைச் சேர்த்துக்கொண்டு, சிசுவின் இதயத்துடிப்பைக் கவனித்து, கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்து, அறுவைக்குச் சொல்லப்பட்ட காரணம் இன்னும் நிற்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். பிட்டம் கீழாக இருந்த குழந்தை கடைசி வாரத்தில் திரும்பியிருக்கலாம். தழும்புள்ள பெண்ணுக்குக் கருப்பை வாய் முக்கால்வாசி திறந்த பின் சுகப்பிரசவமே எளிதாக இருக்கலாம். ஒரு சிசேரியனுக்குப் பின் முயலும் பெண்களில் நூற்றுக்கு 72 முதல் 75 பேர் அதில் வெற்றி பெறுகிறார்கள். (சுகப்பிரசவம் என்ற சொல்லே மற்றதைச் சுகமற்றதாக்கிவிடுகிறது, ஆயினும் மக்கள் நாவில் வேறு சொல் இல்லை.) அந்தப் பெண் முயல விரும்பாவிட்டால், குறித்த அறுவையை அப்போதே தாமதமின்றிப் பெறுவது அவர் உரிமை.

இசைவு என்பது கையெழுத்து அல்ல. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பு, ஒரு சிகிச்சைக்குத் தந்த இசைவை உயிர்காக்கும் அவசரம் இல்லாத வேறொரு சிகிச்சைக்கு நீட்டிக்கக் கூடாது என்று தெளிவுபடுத்தியது. அமைதியான பகலில் தரப்பட்ட இசைவு வலியின் நடுவே மாறிய நிலைமைக்கும் செல்லும் என்று கொள்ளாமல், நடப்பதை ஓரிரு வரிகளில் சொல்லி மீண்டும் கேட்பதே அத்தீர்ப்பின் உணர்வுக்கு ஏற்றது. சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த பெண்ணின் இசைவு அவருடையதே. கணவரின் கையெழுத்து சட்டத்தின் தேவை அல்ல. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போன ஆண்கள் நாள்கணக்கில் கடலில் இருக்கும் ஊரில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டுமே பிரசவம் பார்க்க முடியும் என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. இரண்டாம் சிசேரியனோடு குடும்பக் கட்டுப்பாட்டையும் முடித்துக்கொள்ள நினைக்கும் பெண்களின் விருப்பம் கர்ப்பக் காலத்திலேயே பேசிப் பதியப்பட வேண்டும். வலியில் துடிப்பவரிடம் அந்தக் கேள்வியைப் புதிதாகக் கேட்கலாகாது. அறுவை இன்றியே பிறந்துவிட்டாலும் அடுத்த சில நாட்களில் குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்துகொள்ள வழியுண்டு என்று தெரிந்தால், அதற்காகவே சிசேரியனைப் பிடித்துக்கொண்டிருக்கும் அவசியமும் பலருக்கு நீங்கும்.

ஆகவே தாய் சேய் நல அட்டையோடு ‘தேதிக்கு முன் வலி வந்தால்’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் சேர்க்கப்பட வேண்டும் என்று இவ்வமைப்பு சுகாதாரத் துறையையும் சென்னை மாநகராட்சியையும் தனியார் மருத்துவமனைகளையும் கேட்டுக்கொள்கிறது. சிசேரியனுக்கான காரணம், முந்தைய தழும்பின் வகை, இரத்தப் பிரிவு, இரவில் போக வேண்டிய மருத்துவமனை, வலி முந்தினால் அந்தப் பெண் விரும்புவது ஆகியவை அதில் பேச்சுத் தமிழுக்கு நெருங்கிய சொற்களில் இருக்க வேண்டும். நகர்ப்புற சுகாதாரச் செவிலியர் 36ஆம் வாரத்தில் அதைப் படித்துக் காட்டி, வீட்டிலுள்ள இருவரின் கைபேசியிலாவது படம் எடுத்துக்கொள்ளச் செய்ய வேண்டும். கடைசி வரியில், மூத்த குழந்தையை இரவில் பார்த்துக்கொள்ள இசைந்த அக்கம்பக்கத்தவரின் பெயரும் எண்ணும் இடம்பெற வேண்டும். மருத்துவ அட்டையில் இதற்கென்ன வேலை என்று கேட்கப்படலாம். மறு சிசேரியனுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு வீட்டில் ஒரு சிறு குழந்தை தூங்கிக்கொண்டிருப்பது வழக்கம், அதை யாரிடம் விடுவது என்று தெரியாமல் விடியும்வரை வலியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் வழக்கம்.